பதிவேட்டில் வண்டிப்பாதை என்றுதான் இருந்தது

போன மாதம் முத்துக்குமரன் போன் செய்தான். என்னிடம் படித்தவன், இப்போது எங்கள் சட்டத் துறைக்குத் தலைவன். உடம்பு எப்படி, கால்வலி எப்படி என்று கேட்டுவிட்டு விஷயத்துக்கு வந்தான்.

"மேடம், சர்வதேச மனித உரிமைச் சட்டம் வர்ற வருஷத்துல இருந்து கட்டாயப் பாடம் கிடையாது. விருப்பப் பாடமா மாத்திட்டாங்க."

"அதுக்கு?"

"மலர் ஒண்ணு போடறோம். அந்தப் பாடத்தை இத்தனை வருஷம் நடத்தினவங்க நீங்க. உங்க அனுபவத்தை எழுதிக் குடுத்தீங்கன்னா பசங்களுக்கு ஒரு நினைவா இருக்கும்."

எழவு வீட்டுக்கு மாலை வாங்கிவரச் சொல்வதுபோல இருந்தது. "இரங்கல் எல்லாம் எழுத மாட்டேன்பா. நடந்ததை எழுதறேன். வெட்டாம போடறதா இருந்தா போடு, இல்லன்னா வுட்டுடு" என்றேன். வெட்ட மாட்டேன் என்று சொல்லியிருக்கிறான். பார்ப்போம்.

நான் செஞ்சிக்காரி. நைனா நெல் விற்கிற கமிட்டியில் மூட்டை தூக்கினார். அம்மா நடவு, களையெடுப்பு. காலனியிலிருந்து பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்திலிருந்து திண்டிவனம் பஸ், அங்கிருந்து சென்னையில் சட்டம், மேல்படிப்பு, கடைசியில் விரிவுரையாளர் வேலை. நடுவில் இருந்த ஹாஸ்டலைப் பற்றியும் பசியைப் பற்றியும் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் விட்டுவிடுகிறேன். நேர்முகத் தேர்வில் ஒருவர் கேட்டார்: "ஏம்மா, சிவில், கிரிமினல் எல்லாம் இருக்க, சர்வதேசச் சட்டத்தை ஏன் எடுத்தீங்க?"

"உள்ளூர்ல சொல்லிப் பார்த்தாச்சு சார்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் சிரிக்காமல் என் விண்ணப்பத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். அவர்தான் பேராசிரியர் தேவசகாயம். அடுத்த பல வருஷங்களுக்கு என் தலைவர்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஒரு முனை சிவப்பு, மறுமுனை நீலம் என்று ஒரு பென்சில் வைத்திருப்பார். நாம் எழுதியதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் உட்கார்ந்து படிக்க மாட்டார். ஜன்னலோரம் நின்று, எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல், ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுகிறமாதிரி வாய்விட்டுப் படிப்பார். "கொடூரமான", "மனதை உலுக்கும்" மாதிரி வார்த்தைகள் வந்தால் சிவப்பு. ஆதாரம் இல்லாமல் ஏதாவது சொல்லியிருந்தால் நீலம். படித்து முடிக்கிறவரை டீ கிடையாது. முதல் தடவை என் பக்கங்கள் திரும்பி வந்தபோது நான் எழுதியதைவிட அவர் அடித்ததுதான் அதிகம்.

"கோபம் வர்றது தப்பில்ல, வசந்தா" என்றார். "ஆனா படிக்கிறவங்க படவேண்டிய கோபத்தை நீங்களே பட்டு முடிச்சிட்டா அவங்களுக்கு என்ன மிச்சம் இருக்கும்?"

அன்றைக்கு அவர்மீது எனக்கு வந்த எரிச்சல் கொஞ்ச நஞ்சமல்ல. ஆனாலும் நான் கற்றுக்கொண்ட வேலை முழுவதும் அந்த ஜன்னலோரத்தில் கற்றதுதான்.

இனி பச்சையம்மாள் விஷயம்.

செஞ்சியிலிருந்து டவுன் பஸ்ஸில் போகிற தூரத்தில் ஒரு கிராமம். பெயர் எழுதப்போவதில்லை. இன்றும் இரண்டு தரப்பும் அங்கேதான் வாழ்கிறார்கள். அங்கே ஊர் தனி, காலனி தனி. சுடுகாடு ஊருக்கு அந்தப் பக்கம். ஊர்த் தெரு வழியாகப் போனால் பத்து நிமிஷ நடை. ஆனால் காலனிப் பிணம் அந்தத் தெருவில் போகக் கூடாது. வயல் வரப்பில் சுற்றிக்கொண்டு, ஒரு வாய்க்காலில் இறங்கி ஏறித்தான் போக வேண்டும். வெயில் காலத்தில் அது சிரமம் மட்டும்தான். கார்த்திகை மழையில் அது வேறு.

அப்படி ஒரு கார்த்திகையில் பச்சையம்மாளின் புருஷன் ஏழுமலை செத்துப்போனார். வரப்பு உடைந்து கிடந்தது. வாய்க்காலில் மார்பளவு தண்ணீர். பாடையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பாதி வழியில் மூங்கில் சரிந்து பிணம் தண்ணீரில் விழுந்தது.

அந்த வருஷம் எங்கள் துறை ஒரு மாற்று அறிக்கை தயாரித்துக்கொண்டிருந்தது. அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். பாகுபாட்டுக்கு எதிரான உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்ட நாடு, சில வருஷங்களுக்கு ஒருமுறை ஜெனீவாவில் நிபுணர் குழுவின் முன்னால் போய், எங்கள் நாட்டில் நிலைமை இப்படி இருக்கிறது என்று கணக்கு ஒப்பிக்க வேண்டும். அப்போது குடிமக்களும் தங்கள் பங்குக்கு ஓர் அறிக்கை தரலாம். அரசு சொல்லாமல் விட்டதை அது சொல்லும். எங்கள் அறிக்கையில் சுடுகாட்டுப் பாதைகள் ஓர் அத்தியாயம். அதற்காகத்தான் நான் அந்தக் காலனிக்குப் போனேன்.

தேவசகாயம் சாரின் முறைப்படி ஒரு சாட்சியை மூன்று தடவை பார்க்க வேண்டும். முதல் தடவை நோட்டே எடுத்துப் போகக் கூடாது. இரண்டாவது தடவை இரண்டு பேர்: ஒருவர் கேட்க, ஒருவர் எழுத. மூன்றாவது தடவை எழுதியதை அவர்களுக்கே படித்துக் காட்டி, அவர்கள் திருத்தச் சொன்னதைத் திருத்த வேண்டும்.

இரண்டாவது தடவை நானும் ஒரு மாணவியும் போனோம். பச்சையம்மாள் என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்டபடியே பேசினாள்.

"நீங்க நேர்ல பார்த்தது என்னக்கா? அதை மட்டும் சொல்லுங்க" என்றேன்.

"பொம்பளைங்கள சுடுகாட்டுக்கு வுட மாட்டாங்களே. காலனி முனையிலதான் நின்னுக்கினு இருந்தேன். அங்கிருந்து பாத்தா வாய்க்கா தெரியும், டீச்சரம்மா. இவுரு வுழுந்ததும் நாலு பேரு முழுகி கையப் புடிச்சி, காலப் புடிச்சித் தூக்கினாங்க. செத்தவங்களுக்கு ரெண்டு கட்ட வெரலையும் சேத்துக் கட்டுவோம் இல்ல? அந்தக் கட்டு அவுந்துபோச்சி. காலு ரெண்டும் தனித்தனியா தொங்கிச்சி. திருப்பிக் கட்டலாம்னா ஒருத்தனுக்கும் கை இல்ல."

அவ்வளவுதான் சொன்னாள். அழவில்லை. மாணவியின் பேனா நின்றுவிட்டது. எழுதச் சொல்லி நான் அவள் முழங்கையைத் தொட வேண்டியிருந்தது.

அதோடு முடிந்திருந்தால் அது ஒரு துயரம், அவ்வளவே. ஆனால் நாங்கள் மூன்றாவது தடவை போவதற்குள் விஷயம் பரவி, தாலுகாவிலிருந்து ஆள் வந்து சமாதானக் கூட்டம் போட்டிருந்தார்கள். கூட்டத்தின் முடிவில் ஒரு காகிதம். "நாங்கள் காலங்காலமாக வயல் வழியாகவே சென்று வருகிறோம். இதில் எங்களுக்கு எவ்வித ஆட்சேபணையும் இல்லை." அதில் காலனி ஆட்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நாளைக் காலையில் அதே ஊர்க்காரர் வயலில்தான் அவர்களுக்கு வேலை. பச்சையம்மாள் மட்டும் போடவில்லை.

"ஏங்கா போடல?"

"ஆச்சேபண இல்லன்னு எழுதியிருக்குதுன்னு படிச்சிச் சொன்னாங்க. எனக்கு இருக்குதே."

பிறகு தாலுகா ஆபீஸுக்கு நடந்தேன். கிராம வரைபடமும், எந்த நிலம் யாருடையது என்று சொல்லும் 'அ' பதிவேட்டின் நகலும் வேண்டும் என்று மனுப் போட்டேன். எதுக்குங்க என்றார் கிளார்க். பாடம் நடத்த என்றேன். பொய்யில்லை. பல நாள் அலைந்தபின் நகல் கிடைத்தது. அந்த ஊர்த் தெரு இருக்கும் சர்வே எண்ணுக்கு நேராக, சர்க்கார் புறம்போக்கு, வண்டிப்பாதை என்று எழுதியிருந்தது. யாருடைய தெருவும் இல்லை. எல்லோருடைய பாதை. ஆபீஸ் வாசலில் நின்று அந்த ஒரு வரியை மறுபடி மறுபடி படித்தேன். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அது அங்கேதான் இருந்திருக்கிறது. காலனியில் யாரும் பார்த்ததில்லை. ஊரில் பார்த்தவர்கள் சொன்னதில்லை.

தேவசகாயம் சார் ஜன்னலோரம் நின்று படித்தார். கட்டைவிரல் கட்டு வருகிற இடத்தில் அந்தக் குரல் ஒரு கணம் நின்று தொடர்ந்தது. அடுத்த வரியில் நான் எழுதியிருந்த "சொல்லொணாக் கொடுமை"யைச் சிவப்பால் அடித்தார். "வெரல் போதும்" என்றார். பிறகு பச்சையம்மாள் என்ற பெயர் மேல் நீலப் பென்சிலை வைத்து, "இது வேண்டாம். சாட்சி அ-ன்னு போடுங்க" என்றார்.

அங்கேதான் எங்களுக்குள் தகராறு. சாட்சிக்கு ஆபத்து வரக்கூடாது என்பது இந்தத் தொழிலின் முதல் விதி, நானே வகுப்பில் நடத்துகிற விதி. ஆனால் சாட்சியிடம் நாங்கள் வாங்குகிற ஒப்புதல் படிவத்தில் பெயரை வெளியிடலாம் என்ற கட்டத்துக்கு எதிரே பச்சையம்மாள் தன் பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். நான் மூன்று முறை எச்சரித்தும் கேட்கவில்லை. "பேரு இல்லாம எழுதினா எவளோ ஒருத்தின்னு பூடும். என் பேரப் போடு" என்றிருந்தாள்.

"அவங்களுக்கு என்ன வரும்னு அவங்களுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்" என்றார் சார்.

"அந்தத் தெருவுல என்ன வரும்னு நம்மளவிட அவங்களுக்குத் தெரியும் சார்."

அவர் தலைவர். சாட்சி அ என்றே அச்சானது. நானும் அடங்கிப்போனேன். என் வேலைக்காலத்தில் நான் வெட்கப்படுகிறது அந்த ஒன்றுக்குத்தான்.

ஜெனீவாவுக்கு என்னைத்தான் அனுப்பினார். அந்த மண்டபத்தில் அரசுக் குழுவும் நிபுணர் குழுவும் எதிரெதிரே உட்காரும். எங்களைப் போன்றவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கலாம், வாய் திறக்கக் கூடாது. காலை அமர்வில் எங்கள் அறிக்கையைப் பற்றிக் கேள்வி வந்தது. அரசுத் தரப்பில் ஓர் அதிகாரி எழுந்து, பெயரில்லாத சாட்சிகள், சரிபார்க்க முடியாத குற்றச்சாட்டுகள் என்றார். அதோடு ஒரு காகிதத்தையும் எடுத்துக் காட்டினார். "அந்தக் குடியிருப்பு மக்களே ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்." தாலுகா ஆட்கள் எழுதின அதே காகிதம். மடிப்புக்கூட அப்படியே இருந்தது. செஞ்சிப் பக்கத்து வரப்பிலிருந்து அது அவ்வளவு தூரம் வந்து சேர்ந்திருந்தது, எங்கள் பச்சையம்மாளின் பெயர் மட்டும் வரவில்லை.

இடைவேளையில் காபி மெஷின் பக்கத்தில் அதே அதிகாரி என்னிடம் தமிழில் பேசினார். எந்த ஊர் என்று கேட்டார். செஞ்சி என்றேன்.

"கோட்டை இருக்கிற ஊராச்சே! அவ்வளவு பெருமையான ஊர்ல பொறந்துட்டு, இங்க வந்து இதைப் போய்ப் பேசலாமாம்மா?"

"கோட்டைக்கு நல்ல ரோடு போட்டிருக்கீங்க சார்" என்றேன். "சுடுகாட்டுக்குத்தான் இல்ல."

அவர் காபியை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

மதியம் குழு உறுப்பினர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். தலை முழுக்க நரைத்த ஆப்பிரிக்கப் பெண்மணி, தன் நாட்டில் நீதிபதியாக இருந்தவர். "அந்தக் காகிதத்தில் எல்லோரும் கையெழுத்திட்டார்களா?" என்று கேட்டார்.

"இல்லை. ஒரு பெண் போடவில்லை."

"அவளுக்குப் பெயர் இருக்கிறதா?"

சாருக்குப் போன் போட்டேன். அவர் எடுக்கவில்லை. மதிய அமர்வு தொடங்க மணி அடித்துவிட்டது. பையில் ஒப்புதல் படிவம் இருந்தது. நான் பயந்தேன் என்பதை மறைக்கவில்லை. எனக்காக அல்ல. எனக்கு ஆனது ஆகட்டும், சம்பளமாவது வரும். அந்தப் பெயரைக் கொடுத்தால் அடி விழப்போவது அவள்மேல். ஆனால் அதை அவளிடம் மூன்று முறை சொல்லியாகிவிட்டது, மூன்று முறையும் அவள் ஒரே பதிலைச் சொல்லியாகிவிட்டது. நான்காவது முறை அவளுக்காக நான் பயப்படுவதற்கு எனக்கு என்ன உரிமை? படிவத்தை எடுத்து நீட்டினேன்.

அந்த அம்மா மைக்கில் அந்தப் பெயரைப் படித்தார். "பச்சாயம்மா" என்றுதான் வந்தது. பரவாயில்லை. ஆட்சேபணை உள்ள ஒரு பெண்மணி இருக்கிறார், அந்தத் தெரு அரசுப் பதிவேட்டின்படி பொதுப் பாதை, இரண்டுக்கும் எழுத்துப்பூர்வமாகப் பதில் தேவை என்றார். அரசுக் குழு குனிந்து எழுதிக்கொண்டது.

திரும்பி வந்ததும் நேராக சாரின் அறைக்குப் போய்ச் சொன்னேன். "நான் அங்க இருந்திருந்தா குடுத்திருக்க மாட்டேன்" என்றார். பிறகு, "அது என் தப்பா இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு டீ கொண்டுவரச் சொன்னார்.

நான் எச்சரித்தபடியே எல்லாம் வந்தது. பச்சையம்மாளை நடவுக்கு யாரும் கூப்பிடவில்லை. அந்தப் பருவம் முழுக்க அவள் ஷேர் ஆட்டோ பிடித்து வெகுதூரம் போய் வேலை செய்தாள். விசாரணை என்று போலீஸ் இரண்டு தடவை வந்தது. நான் போய், என்னாலதானேக்கா என்றேன்.

"நீயா என் கையப் புடிச்சிக் கையெழுத்து வாங்கின? நாந்தான போட்டேன். போயி உன் வேலயப் பாரு" என்றாள். இந்தக் கட்டுரைக்காகவும் போன வாரம் போய்ப் பெயர் போடலாமா என்று கேட்டேன். "இன்னும் எத்தினி வாட்டிதான் கேப்ப?" என்றாள்.

எனக்கு நிர்வாகத்திடமிருந்து ஒரு மெமோ வந்தது. முன் அனுமதியின்றி வெளிநாட்டில் நாட்டின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்ததாக. மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு. நாட்டின் மானத்தை அங்கே கொண்டுபோய் விற்கலாமா என்று தலைமை வகித்தவர் கேட்டார்.

"மானம் அந்த வாய்க்கால்ல போச்சுங்க. போனதைச் சொல்றதுக்குத்தான் நான் அங்க போனேன்" என்றேன்.

தேவசகாயம் சார் கூப்பிடாமலே வந்து சாட்சி சொன்னார். சிவப்பும் நீலமும் நிறைந்த அந்தப் பழைய வரைவை மேஜைமேல் வைத்தார். "இதுல நான் சரிபார்க்காத வரி ஒண்ணுகூட இல்ல. தப்பான வரி எதுன்னு காட்டுங்க. நாங்க ரெண்டு பேருமே மன்னிப்புக் கேட்கிறோம்." அவர்களால் காட்ட முடியவில்லை. ஆனாலும் ஓர் எச்சரிக்கை கொடுத்தார்கள். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எனக்கு முன்னால் போனார்கள். துறைத் தலைவர் ஆகாமலே ஓய்வு பெற்றேன். அந்த எச்சரிக்கையை நீக்கச் சொல்லி மனுப் போடலாமே என்று பலரும் சொன்னார்கள். ஏன் போட வேண்டும்? என் பணிப்பதிவேட்டில் நான் பெருமைப்படுகிற பக்கம் அது ஒன்றுதான்.

எழுத்துப்பூர்வமான பதில் என்று ஒன்றைக் கேட்டுவிட்டால், யாராவது உட்கார்ந்து எழுதியாக வேண்டும். கேள்வி டெல்லியிலிருந்து சென்னைக்கு, சென்னையிலிருந்து கலெக்டருக்கு, கலெக்டரிடமிருந்து தாசில்தாருக்கு இறங்கி வந்தது. தாசில்தார் பதிவேட்டைத் திறந்தால் வண்டிப்பாதை. வேறென்ன எழுத முடியும்? சர்வேயர் வந்து சங்கிலி பிடித்து அளந்து கல் நட்டார். அனைவரும் உபயோகிக்கத் தடையில்லை என்று உத்தரவு வந்தது. அதன்பிறகும் சில மாதம் அந்தத் தெருவில் யாரும் கால் வைக்கவில்லை. காகிதத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

பிறகு காலனியில் காத்தவராயன் என்ற பெரியவர் தவறிப்போனார். பச்சையம்மாள் எனக்கு ஆள் அனுப்பினாள். நான் போனபோது காலை வெயில் ஏறிவிட்டது. தெரு முனையில் போலீஸ் வேன். தாசில்தார் நின்றிருந்தார். ஊர்க்காரர்கள் இருபது முப்பது பேர் தெருவை மறித்த மாதிரியும் மறிக்காத மாதிரியும் நின்றார்கள்.

தாசில்தார் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "உத்தரவு உங்க பக்கம்தான்மா இருக்குது. ஆனா இன்னிக்கு ஒரு தடவை மட்டும் வயல் வழியா போயிடுங்களேன். மழைகூட இல்ல பாருங்க. அடுத்த வாட்டி நானே நின்னு இந்த வழியா அனுப்பறேன்."

காலனி ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பச்சையம்மாள் பெண்கள் கூட்டத்திலிருந்து பிரிந்து பாடைக்கு முன்னால் வந்து நின்றாள். பொம்பளை சுடுகாட்டுக்கு வரக்கூடாது என்று எங்கள் ஆட்களே அவள் தோளைப் பிடித்தார்கள். உதறிவிட்டாள்.

"ரோடு சர்க்காருது. செத்தவரு எங்காளு. நடுவுல நீங்கல்லாம் யாரு?"

யாரும் பதில் சொல்வதற்குள் நடக்கத் தொடங்கிவிட்டாள். அவளுக்குப் பின்னால் பாடை. அதற்குப் பின்னால் பெண்கள், பிறகு நான். மறித்து நின்றவர்கள் முதலில் ஓர் அடி, பிறகு இன்னோர் அடி ஒதுங்கினார்கள். பல வீடுகளில் கதவு சாத்தியிருந்தது. பறையடித்தவர் வழக்கத்தைவிட மெதுவாக அடித்தார். பத்தே நிமிஷம். சுடுகாடு வந்துவிட்டது.

காரியம் முடிந்ததும் ஆண்கள் பழக்கத்தில் வயல் பக்கம் திரும்பினார்கள். வேன் போயிருந்தது. தாசில்தாரும் இல்லை. பச்சையம்மாள் தெருப் பக்கமே நின்றாள்.

"எங்க போறீங்க? போவசொல்ல பொணம் இருந்திச்சி, போலீசு இருந்திச்சி, வுட்டுட்டாங்க. வரசொல்ல வெறும் ஆளா இந்த வழியா வரணும். உசுரோட இருக்கறவங்க நடந்தாத்தான் அது ரோடு."

பெண்கள் முதலில் நகர்ந்தார்கள்.

போகும்போது பாடையின் பின்னால் கவனிக்காமல் நடந்துவிட்டேன்; இப்போது தெரு ஆரம்பிக்கிற இடத்தில் என்னை அறியாமல் குனிந்தேன். சின்ன வயதில் எங்கள் பக்கத்தில் ஊர்த் தெருவுக்குள் நுழைந்தால் செருப்பைக் கழற்றிக் கையில் பிடிக்க வேண்டும். பாடம் நடத்தி, புத்தகம் எழுதி, ஜெனீவா போய் வந்து, விசாரணையில் நிமிர்ந்து பதில் சொன்ன பேராசிரியர் நான். என் கை செருப்பு வாருக்குப் போயிருந்தது.

பச்சையம்மாள் பார்த்துவிட்டாள்.

"இன்னா பண்ற டீச்சரம்மா? போட்டுக்கினு நட."

வாரை இறுக்கிப் போட்டுக்கொண்டு நடந்தேன்.